சூனியம் வைத்த அலமாரி

எங்கள் நூலகத்துக்கு வரும் புத்தகங்களுக்கு எண் போடுவது என் வேலை. இருபத்தெட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "அதுல என்ன பெரிய கஷ்டம், நம்பரை எழுதி முதுகுல ஒட்டுறதுதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன்: அட்டையைப் பார்த்து எண் போடாதே, தலைப்புப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை மூன்றையும் படித்துவிட்டுப் பேனாவைத் தொடு, தப்பான அலமாரிக்குப் போன புத்தகம் தொலைந்துபோன புத்தகம். இப்படி வாய் கிழியப் பேசுகிற நான் ஒரு மனிதருக்குச் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய கதையைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். எழுத எழுத என் வண்டவாளம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அவரை எல்லோரும் கிராம் என்பார்கள். ஊருக்கு வெளியே, குவாரிக்கும் கிடங்குகளுக்கும் சாலை பிரிகிற இடத்தில் உள்ள எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி காலியாக வந்து மேடையில் ஏறும். காலி எடையைக் குறித்துக்கொள்வார். அதே லாரி சரக்கோடு திரும்பி வரும். மறுபடி எடை பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கடைசி இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார். பின்னால் பத்து வண்டி நின்று ஹாரன் அடித்தாலும் சரி. அந்த மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது. அப்படிப்பட்ட மேடையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறாரே என்று லாரிக்காரர்கள் கடுப்பில் வைத்த பேர் அது. அவருக்கு உள்ளூர அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் படிப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அகராதியோடு மல்லுக்கட்டி ஆங்கிலம் கற்றுக்கொண்டார். எங்கள் தத்துவ அலமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களையும், வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பதினெட்டு வருடத்தில் படித்து முடித்தார். பௌத்தம் பற்றிய புத்தகங்களையும் விடவில்லை. கிரீஸ் கறை படாமல் இருக்கச் செய்தித்தாளில் உறை போட்டுக் கொண்டுபோவார், கொண்டுவந்து உறையைக் கழற்றிக் கொடுப்பார். அந்த அலமாரிப் பக்கம் வேறு யாரும் எட்டிப் பார்த்ததில்லை. "கிராம் வர்றதால அங்க தூசி தட்டுற வேலை மிச்சம்" என்று நூலகர் சொல்வார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மேடம், உங்க பட்டியல் அட்டையில இதுக்கு முன்னூத்தி இருபத்தொண்ணு பக்கம்னு இருக்கு. முன்னூத்திப் பன்னெண்டுதான்" என்பார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு நாள் அவர் செய்தித்தாளில் சுற்றிய புத்தகம் ஒன்றை என் மேஜைமேல் இரண்டு கையாலும் வைத்தார்.

"மேடம், நானே ஒண்ணு எழுதியிருக்கேன். நூலகத்துக்கு ஒரு பிரதி."

"வெச்சிட்டுப் போங்க சார்."

"நேரம் கிடைக்கறப்ப ஒரு தடவை புரட்டிப் பாத்தீங்கன்னா..."

"பாக்கறேன் சார். வெச்சிட்டுப் போங்க."

அன்று எனக்குப் பல்வலி. மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று நூற்று நாற்பது புத்தகங்கள் என் மேஜையில் குவிந்து கிடந்தன. இதையெல்லாம் சாக்காகச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

உறையைப் பிரித்தேன். சிவப்பு அட்டை. நடுவில் கன்னங்கரிய வட்டம், அதைச் சுற்றித் தீ மாதிரி ஏதோ. கொட்டை எழுத்தில் ஒரே சொல்: சூனியம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடி போட வேண்டும். போடவில்லை. அந்த வரி, 'கிழக்கும் மேற்கும் எட்டிய ஓரிடம்' என்பது. அதை நான்கு வருடம் கழித்துத்தான் படித்தேன். ஜோசியப் புத்தகங்களும் கடைத்திறப்பு நோட்டீஸும் அடிக்கிற அச்சகக்காரர், சூனியம் என்ற சொல்லைக் கேட்டதும் தனக்குத் தெரிந்த படத்தைப் போட்டுவிட்டாராம். எனக்கும் அந்தச் சொல்லுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். யாரோ யாருக்கோ வைப்பது. 'இத்தனை படிச்சும் கடைசியில இவருக்கும் மூளை குழம்பிப்போச்சா' என்று நினைத்துக்கொண்டே 133.4 என்று எழுதி ஒட்டினேன். பில்லி, ஏவல், வசியம் எல்லாவற்றுக்கும் அதுதான் எண். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜோசியமும் மாந்திரீகமும் கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அந்தப் புத்தகங்களை மட்டும் பிரித்து வாசலுக்குப் பக்கத்தில் தனி அலமாரியில் வைத்திருந்தோம். கிராம் சார் அந்தப் பக்கம் போகிற ஆள் இல்லை. சனிக்கிழமை மதியம் வருவார், நேரே உள்ளே தத்துவ அலமாரிக்குப் போவார். வேறு ஏதோ புத்தகம் தேடுகிற பாவனையில் முதுகுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போவார். மூன்றாவது வாரம் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், நம்ம புத்தகம் அங்க காணோமே. யாராச்சும் எடுத்துட்டுப் போயிருக்காங்களா?"

"எந்தப் புத்தகம் சார்?"

"என்னோடது."

நான் பதிவேட்டைத் திறக்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அலமாரியில இல்லன்னா வெளியிலதான் சார் போயிருக்கும். புத்தகத்துக்குக் கால் முளைச்சா போகும்?" என்றேன்.

அவர் திரும்பி அந்தத் தத்துவ அலமாரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், "என் புத்தகத்தை யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று இரண்டு தடவை சொன்னாராம். சைக்கிளைப் பூட்டக்கூட இல்லையாம். அதன் பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. வாரா வாரம் வந்து தேடுவார். காணவில்லை என்றதும் முகம் மலர்ந்துவிடும். ஒரு தடவை என்னைத் தாண்டிப் போகும்போது தானாகவே நின்று, கூச்சத்தோடு சொன்னார்.

"பற்றை விடணும்னு இருநூறு பக்கம் எழுதினவன், வாரா வாரம் வந்து சொந்தப் புத்தகத்தைத் தேடிட்டுப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்."

நான் சிரித்து வைத்தேன். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைப் படித்திருந்தால்தானே புரியும்.

நான்கு வருடம் கழித்து இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வாசல் அலமாரியில் அந்தச் சிவப்பு அட்டை கையில் வந்தது. மூலை மடங்கி, முதுகு தளர்ந்து, நன்றாக அடிபட்டிருந்தது. பின்பக்கத் தேதிச்சீட்டைப் பார்த்தேன். பத்தொன்பது முத்திரைகள். எங்கள் நூலகத்தில் சமையல் புத்தகத்துக்குத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். 'அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்' என்று அன்றைக்குத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தேன். முன்னுரையின் முதல் பத்தியிலேயே தெரிந்துபோனது. பில்லியும் இல்லை, ஏவலும் இல்லை. புத்தரும், மேற்கத்திய தத்துவவாதிகளும், நாவலாசிரியர்களும். ஸ்டூல்மேல் இருந்த மாந்திரீகப் புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்து படித்தேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

அவர் எழுதியிருந்தது இதுதான். சூனியம் என்று பௌத்தர்கள் சொன்னது ஒன்றுமே இல்லை என்பதை அல்ல. காலி லாரியும் ஏழெட்டு டன் இருக்கிறது, அதை ஒன்றுமில்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்த லாரியையும் பிரித்துப் போட்டால் டயர் இருக்கும், அச்சு இருக்கும், எஞ்சின் இருக்கும், லாரி என்று தனியாக ஒன்று அகப்படாது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும்வரை அதற்கு லாரி என்று பேர். மனிதனும் அப்படித்தான். மேற்கே ஒரு தத்துவவாதி கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் 'நான்' எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார். சூடு அகப்பட்டது, குளிர் அகப்பட்டது, கோபமும் சந்தோஷமும் அகப்பட்டன, அவற்றையெல்லாம் வைத்திருக்கிற ஆள் மட்டும் அகப்படவில்லை. பௌத்த நூல் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அந்த மனிதர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று கிராம் சார் ஒரு அத்தியாயம் முழுவதும் ஆச்சரியப்பட்டிருந்தார்.

நாவல்களைப் பற்றியும் எழுதியிருந்தார். மேற்கத்திய நாவல்களில் சாகக் கிடக்கிறவன் கடைசி இரண்டு பக்கத்தில்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிம்மதி அடைகிறான், பிக்கு அதை முதல் பக்கத்திலேயே செய்துவிடப் பார்க்கிறார், அதனால்தான் பிக்குகளை வைத்து நல்ல நாவல் எழுத முடிவதில்லை என்று ஒரு இடத்தில். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்னொரு இடத்தில், கிழக்கும் மேற்கும் ஒன்றே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களை நன்றாகக் கடிந்திருந்தார். 'இரண்டு லாரிகளின் காலி எடை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே லாரி ஆகிவிடாது. ஒன்று மணல் ஏற்றப் போகிறது, ஒன்று துணி ஏற்றப் போகிறது. எடை ஒத்துப்போகும் அந்த ஒரு கணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். அதற்கு மேல் உறவு கொண்டாட வேண்டாம்' என்று இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் என் கை வழியாகப் போன எத்தனையோ பெரிய புத்தகங்களில் இவ்வளவு நிதானமான வரியை நான் பார்த்ததில்லை.

ஏழாவது அத்தியாயத்தின் பெயர் 'யார் வைத்தது?' தனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யார் வைத்தது என்று கேட்கிறோம், எவற்றால் வந்தது என்று கேட்பதில்லை என்று அது தொடங்கும். காரணங்கள் கூடினால் துன்பம் வரும், காரணங்கள் கலைந்தால் போகும், நடுவில் வைக்கிறவன் என்று யாரும் இல்லை என்று புத்தரிடமிருந்து எடுத்து, நடந்தது நம்மைச் சுடுவதில்லை, நடந்ததைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதுதான் சுடுகிறது என்ற பழைய ரோமாபுரி ஞானி ஒருவரின் எண்ணத்தோடு கொண்டுவந்து முடித்திருந்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு கோடு. பேனாவும் இல்லை, பென்சிலும் இல்லை. தையற்கடையில் துணியில் அடையாளம் போடுகிற சாக்பீஸ். பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு பெண், தொழில் தையல், மூன்று முறை புதுப்பித்திருக்கிறாள். வேறொருவர் முப்பத்தெட்டாம் பக்கத்தில், 'மந்திரம் எந்தப் பக்கத்தில் உள்ளது?' என்று பென்சிலால் கேட்டிருந்தார். பாவம், அவரும் கடைசிவரை தேடியிருப்பார்.

எண்ணை மாற்றுவது பத்து நிமிட வேலை. முதுகில் புது லேபிள், அட்டையில் ஒரு திருத்தம், பதிவேட்டில் ஒரு வரி. நான் மாற்றவில்லை. மாற்றினால் சனிக்கிழமை வந்து பார்ப்பார். இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பார். அதைவிட, அந்தத் தத்துவ அலமாரியில் வைத்தால் அதை ஒருவரும் தொடப்போவதில்லை. வாரா வாரம் வந்து, அசையாமல் இருக்கிற தன் புத்தகத்தை அவர் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே இருந்தால் யாரோ நான்கு பேராவது படிக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்மேல் உள்ள இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அதை நம்பவும் செய்தேன். உண்மை என்னவென்றால், பக்க எண்ணிக்கை தப்பு என்று சொல்கிற அந்த மனிதரிடம், 'உங்கள் புத்தகத்தைத் திறக்காமலே எண் போட்டேன்' என்று சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை. புத்தகத்தை அதே இடத்தில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு இருப்பதும் பழகிவிடும் என்று பிறகு தெரிந்தது.

ஏழாவது வருடம் அவருடைய மனைவி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். கையில் கண் ஆஸ்பத்திரிக் கோப்பு. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏம்மா, அவரு புத்தகத்தை நெஜமாவே யாராச்சும் படிக்கிறாங்களா? எனக்காக மழுப்பாம சொல்லு."

"ஏன்க்கா கேக்கறீங்க?"

"ரெண்டாவது புத்தகம் எழுதிட்டிருக்காரு. கண்ணுல அழுத்தம் ஏறிப்போச்சு, ஆபரேஷன் பண்ணிடணும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகுது. பண்ணா ரெண்டு மூணு மாசம் எழுத முடியாதாம். இந்த அத்தியாயம் முடியட்டும், அந்த அத்தியாயம் முடியட்டும்னு தள்ளிட்டே போறாரு. என் புத்தகம் அலமாரியில தங்கறதே இல்ல, படிக்கறவங்க காத்துட்டிருக்காங்கன்னு சொல்றாரு. மொதல் புத்தகம் போட்டப்பவே நான் சொன்னேன், சூனியம்னு பேர் வெச்சு சொந்தக் காசுல வெச்சுக்கிட்டீங்களேன்னு. சிரிச்சாரு. இப்ப நீ ஒரு வார்த்தை, யாரும் படிக்கலன்னு சொன்னா, நான் அவரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். படிக்கிறாங்கன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

நான் எழுந்து போய் வாசல் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன். அதிர்ஷ்டமோ என்னவோ, அன்றைக்கு அது உள்ளே இருந்தது. பின்பக்கத்தைத் திறந்து தேதிச்சீட்டைக் காட்டினேன். அவர் முத்திரைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை புத்தகத்தை நான்தான் பிடித்திருந்தேன். என் கட்டைவிரல் முதுகில் இருந்த எண்ணின்மேல் இருந்தது.

"இருவத்தேழு" என்றார். "அடேயப்பா. நான் என்னமோ மனுஷன் பொய்யா பூரிச்சுப்போறாருன்னு நெனச்சேன்."

அந்த முகத்தில் பெருமையைப் பார்த்தேன். இத்தனை வருடம் திட்டிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன்மேல் வந்த பெருமை. அப்போதாவது விரலை எடுத்திருக்கலாம். தேதிச்சீட்டு பொய்யில்லையே, படித்தவர்கள் படித்தவர்கள்தானே என்று மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடம் கிராம் சாருக்கு இடது கண் போய்விட்டது. பிறகு செய்த ஆபரேஷனில் போன பார்வை திரும்பவில்லை, வலது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். எடைமேடை வேலையை விட்டார். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுத ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் இருவருமாக வந்தார்கள். தத்துவ அலமாரிக்கு முன்னால் நின்று அந்த அம்மா புத்தக முதுகுகளைப் படித்துவிட்டு, "இல்லங்க, வெளியில போயிருக்கு" என்று சொல்வது என் மேஜைவரை கேட்கும். அந்த நேரத்தில் நான் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவேன். எத்தனை சனிக்கிழமை அப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

பதினோராவது வருடம், ஒரு புதன்கிழமை, அவர் மட்டும் தட்டுத்தடுமாறி வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"மேடம், புத்தகம் முடிஞ்சிடுச்சு. திங்கக்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கறோம். இது மொதல் பக்கத்துல வரணும். எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்க. உங்க கண்ணுல படாம எதுவும் தப்பாதே."

மனைவியின் கையெழுத்தில் நான்கு வரி இருந்தது. 'என் முதல் புத்தகத்தை ஒரு வாரம்கூட அலமாரியில் தங்கவிடாத முகம் தெரியாத வாசகர்களுக்கும், அதை அவர்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நூலக மேடத்துக்கும்.'

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வேலை முடிந்ததும் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. என்னை அப்படி அச்சில் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில்தான் போனேன்.

முன்னறையில் ஜன்னலோரம் மேஜை. அவர் நாற்காலியில் இருந்தார், மனைவி பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா தேநீர் போட எழுந்தார். வேண்டாம் என்றேன். புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது உங்க புத்தகம் சார். நம்ம நூலகத்துப் பிரதி. முதுகுல இருக்கற நம்பரைப் பாருங்க."

பூதக்கண்ணாடியை எடுத்து வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் எண்கள் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"நூத்தி முப்பத்திமூணா? இது ஜோசியத்துக்குப் பக்கத்து நம்பர் ஆச்சே."

"மாந்திரீகம் சார். பேரைப் பாத்து நான் போட்டேன். திறந்து பாக்கலை. பதினோரு வருஷமா வாசலுக்குப் பக்கத்துல அந்த அலமாரியிலதான் இருக்கு. நீங்க தேடின எடத்துல அது ஒரு நாளும் இருந்ததே இல்ல."

அந்த அம்மாதான் முதலில் கேட்டார்.

"அன்னைக்கு நான் வந்து கேட்டேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்க்கா. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தெரியும்."

"கண்ணைப் பத்திச் சொன்னேனே."

"சொன்னீங்க."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தார்.

கிராம் சார் புத்தகத்தைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கத்தைத் திறந்து தேதிச்சீட்டைக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுவந்தார்.

"அப்ப இதை எடுத்தவங்க எல்லாம்..."

"யாரோ தங்களுக்கு வெச்சிட்டாங்கன்னு பயந்து வந்தவங்க சார். எடுக்கறது எப்படின்னு தேடி வந்தவங்க."

"எத்தனை பேரு?"

"முப்பத்திநாலு முத்திரை இருக்கு. ஒரு தையல்காரம்மா மூணு தடவை புதுப்பிச்சிருக்காங்க. ஏழாவது அத்தியாயத்துல கோடு போட்டிருக்காங்க."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரலில் ஓர் ஆவல் இருந்தது. பதினோரு வருடம் அலமாரியைத் தடவியபோது இருந்ததைவிட அதிகம்.

"அவங்க திருப்பிக் குடுத்தப்ப எப்படி இருந்தாங்க மேடம்? பயம் கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருந்துச்சா? மூஞ்சியில தெரிஞ்சிருக்குமே. லாரியை எடை போடறப்ப டிரைவர் எறங்கி நிக்கணும். எறங்கி நிக்கறவனை ஒரு பார்வை பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும், வீட்டுல சண்டையா, தூக்கம் இல்லையா, என்ன மனசுல வெச்சிட்டுப் போறான்னு. அந்தத் தையல்காரம்மா எப்படி இருந்தாங்க? அவங்களைச் சொல்லுங்க, போதும்."

முப்பத்திநாலு முத்திரையும் நான் குத்தியவை. ஒவ்வொரு முறையும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றிருக்கிறார். நினைவைப் பிழிந்து பார்த்தேன். புடவை நிறம்கூட வரவில்லை, குரல்கூட வரவில்லை. நீட்டப்பட்ட புத்தகம் மட்டும் வந்தது, அதைப் பிடித்திருந்த கை வந்தது. 'தெளிவா இருந்தாங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருடம் இந்த மனிதரிடம் தேவையில்லாமல் எத்தனையோ பொய் சொன்னேன். அவருக்கு வேண்டியிருந்த இந்த ஒரு பொய் வாயில் வரமாட்டேன் என்றது.

"நான் பாக்கலை சார். ஒருத்தரையும் பாக்கலை. முத்திரை குத்தறப்ப நான் யார் முகத்தையும் பாக்கறதில்ல."

அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தெரிகிற கண்ணை எனக்கு நேரே கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்தார். கடைசி இலக்கம் நிற்கட்டும் என்பதுபோல அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்துகொண்டேன்.